நாயும் பூனையும் கேடயச் சுரப்பியும்

மனிதரோடு ஒரு கூரையின்கீழ் வாழும் பிராணிகளுள் வாயில் காப்பது நாய். அடுக்களை காப்பது பூனை. பழந்தமிழர் இவற்றை ஞமலி என்றும் பூசை என்றும் வழங்கினர். நாயை வைரவப் பெருமானின் வாகனமாகக் கொண்டு வணங்கும் மரபினர் நாம். எனினும், இவ்விரு பிராணிகளின் உடலகத்தே நிகழ்வனவற்றை அறிவதில் நாம் போதிய கருத்துச் செலுத்துவதில்லை. உறங்கும் நாயைச் சோம்பலுடையது என்போம். நன்றாக உண்ணும் பூனையை நலமுடையது என்போம். மெலிந்து போனதை முதுமையடைந்தது என்போம். இம்மூன்று தீர்ப்பும் சிலவேளைகளிற் பிழைபடும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் கற்பிக்கும் எமக்கும் இப்பொருளுக்கும் யாது தொடர்பு என வினவுவார் உளராகலாம். சில ஆண்டுகளின் முன் எமது இல்லத்தில் வீமன் என்னும் நாய் வளர்ந்தது. பிறநாட்டுச் சாதியும் உள்நாட்டுச் சாதியும் கலந்த பேருடம்பினது. ஆறாம் வயதளவில் அதன் இயல்பு மாறிற்று. படலையில் ஆளரவங் கேட்டும் எழாது கிடந்தது. கொடுத்த உணவு முன்போன்றதே ஆயினும் உடல் பருத்தது. நிழலை விட்டு, வெயிலிற் காய்ந்த முற்றத்து மணலை நாடிப் படுத்தது. யாம் அதனைச் சோம்பேறி என ஏசினோம், உணவைக் குறைத்தோம், வாலில் மயிர் உதிர்ந்தபோது சொறியென எண்ணி வேப்பெண்ணெய் பூசினோம். இவ்வாறு எட்டு மாதங் கழிந்தது. ஈற்றில், குருதியைச் சோதிப்பித்த மிருக வைத்தியர், “மாஸ்ரர், இது சோம்பல் இல்லை, கழுத்தில் இருக்கிற சுரப்பி வேலை செய்யவில்லை” என்றார். அன்று யாம் அடைந்த நாணமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. அதன்பின் நூல்வாயிலாகவும் வைத்தியர் வாயிலாகவும் கற்றவற்றை ஈண்டுத் தொகுத்துக் கூறுகின்றோம்.

சுரப்பியின் இயல்பு

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக் குழாயின் இருமருங்கும் பொருந்தியிருப்பது கேடயச் சுரப்பி. தைரொயிட் என மருத்துவர் கூறுவது இதனையே. 1656ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவரான தோமஸ் வார்ட்டன், கேடயம் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் இதற்குப் பெயரிட்டார். ஆயின் இதன் தொழில் யாதென அவர் அறிந்திலர். கழுத்துக்குத் திரட்சியும் அழகும் தருவதே இதன் பயன்களுள் ஒன்று எனக் கருதினார். மனிதரில் இச்சுரப்பியின் இரு பாகங்களும் நடுவே ஒரு பாலத்தால் இணைந்து வண்ணத்துப்பூச்சி போலத் தோன்றும். நாயிலும் பூனையிலும் அவை பெரும்பாலும் தனித்தனியாகவே இருக்கும். நலமுள்ள பிராணியின் கழுத்தைத் தடவினால் இச்சுரப்பி விரலுக்குத் தட்டுப்படாது.

உமிழ்நீர்ச் சுரப்பி போல இதற்குக் குழாய் இல்லை. இது ஆக்கும் ஓமோன் என்னும் பொருள் நேரே குருதியிற் கலந்து உடலெங்கும் செல்லும். உணவிலிருந்து பெறும் அயடீனைக் கொண்டே இது தன் தொழிலைச் செய்கின்றது. நான்கு அயடீன் அணுக்களைக் கொண்ட தைரொக்சின் இதன் முதன்மையான ஆக்கம். மூன்று அணுக்களைக் கொண்ட இன்னொன்றும் உண்டு. இவை உடலின் அனுசேபத்தை, அஃதாவது உண்டதை எரித்து வெப்பமும் ஆற்றலும் பெறும் வேகத்தை ஆளுகின்றன. அடுப்பில் தீ குறைந்தால் சோறு வேகாது, மிகுந்தால் அடிப்பிடிக்கும். உடலின் தீயை அளவோடு எரிய வைப்பது இச்சிறு சுரப்பியே.

அளவை அறிவிப்பது யார்? மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி. எமது தோட்டங்களிற் கிணற்றடியில் ஒருவன் நீர் இறைக்க, பாத்தியில் ஒருவன் நீரைக் கட்டுவான். நீர் போதாதெனின் பாத்தியில் நிற்பவன் உரத்துக் குரல் கொடுப்பான். போதுமெனின் அடங்கி நிற்பான். அவ்வாறே குருதியில் தைரொக்சின் குறைந்தால் கபச்சுரப்பி தன் தூண்டும் ஓமோனை மிகுதியாக அனுப்பும், நிறைந்தால் குறைத்துவிடும். இவ்வுவமையை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் நோயை அறியும் வழியைக் கூறும்போது இது பயன்படும்.

கிளீவ்லாந்து நகரத்து நாய்கள்

இச்சுரப்பியைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றில் நாய்க்கும் ஓர் இடமுண்டு. 1905ஆம் ஆண்டில் டேவிட் மரீன் என்னும் இளைய மருத்துவர், ஐக்கிய அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்திலுள்ள கிளீவ்லாந்து நகருக்குப் பணியேற்று வந்தார். அந்நகரத் தெருக்களிற் கண்ட நாய்கள் பலவற்றின் கழுத்து வீங்கியிருந்தது அவர் கருத்தை ஈர்த்தது. மனிதர் பலரிடத்தும் அவ்வீக்கமே இருந்தது. கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள அப்பேரேரிப் பிரதேசத்தின் மண்ணிலும் நீரிலும் அயடீன் மிகக் குறைவு. அயடீன் பெறாத சுரப்பி பருத்துக் கழலையாகின்றது என்பதை மரீன் பிராணிகளிடத்துச் செய்த ஆய்வுகளால் நிறுவினார்.

அதன்பின் ஒலிவர் கிம்பல் என்பாரோடு சேர்ந்து, 1917ஆம் ஆண்டு முதல் அம்மாநிலத்து அக்ரன் நகரிற் பள்ளிச் சிறுமியரிடத்து அயடீன் உப்பைச் சோதித்தார். அதனை உட்கொண்ட 2,190 சிறுமியருள் ஐவர்க்கே சுரப்பி பருத்தது. உட்கொள்ளாத 2,305 பேருள் 495 பேருக்குப் பருத்தது. உணவுப்பின் உப்பில் அயடீன் சேர்க்கும் வழக்கம் 1922இல் சுவிற்சர்லாந்திலும், 1924இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும் தொடங்கிற்று. எமது இலங்கையில் 1995ஆம் ஆண்டு முதல் மக்கள் உண்ணும் உப்பில் அயடீன் சேர்த்தல் விதியாயிற்று. தெருநாயின் கழுத்தைக் கூர்ந்து நோக்கிய ஒரு மருத்துவரின் பார்வை பல்லாயிரம் குழந்தைகளுக்கு நலம் விளைத்தவாறு இதுவாகும்.

இக்காலத்தில் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் பெரும்பாலும் வருவன அயடீன் குறைவால் வரும் கழலைகள் அல்ல. அவை வேறு காரணத்தால் வருவன. அன்றியும், ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. நாய்க்குத் தீ அவிகின்றது. பூனைக்குத் தீ மூள்கின்றது.

நாய்க்கு வரும் குறை

நாயின் சுரப்பி தளர்தற்குப் பெரும்பான்மையான காரணங்கள் இரண்டு. உடலைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்புக் கலங்களே சுரப்பியைப் பகையென மயங்கிச் சிறிது சிறிதாக அழித்தல் ஒன்று. வெளிப்படையான காரணமின்றிச் சுரப்பி தேய்ந்து கொழுப்பாக மாறிவிடுதல் மற்றொன்று. இந்நோய் நடுவயதிலேயே மிகுதியாக வரும். கோல்டன் றிற்றீவர், டோபர்மன், பொக்சர், பீகிள் முதலிய சாதிகள் இதற்கு இலக்காவது கூடுதல்.

குறிகள் மெல்ல மெல்லத் தோன்றுவதால் வீட்டார் அவற்றை உணரார். உற்சாகம் குன்றும்; உறக்கம் மிகும்; உணவு கூடாமலே எடை கூடும்; குளிரைத் தாங்காது சூடான இடத்தை நாடும். உடலின் இருபக்கமும் ஒரேயளவில் மயிர் உதிரும். வாலும் மயிர் இழந்து எலிவால் போலாகும். கத்தரித்த மயிர் மீள முளைக்கத் தாமதிக்கும். தோல் கறுத்துத் தடிக்கும்; அடிக்கடி புண்ணும் சீழும் காணும். முகத்துத் தோல் வீங்கிக் கண்ணிமை தாழ்வதனால் நாய் துயருற்றது போன்ற தோற்றம் பெறும். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. சொறி, தெள்ளு முதலியவற்றால் மயிர் உதிரும் நாய் ஓயாது சொறியும். சுரப்பிக் குறைவால் மயிர் உதிரும் நாய், தோலிற் புண் பற்றினாலன்றிச் சொறிவதில்லை. வீமன் சொறியவில்லை என்பதை யாம் கண்டும் கருதாது விட்டோம்.

இதற்கு மருந்து எளிது. சுரப்பி தராத தைரொக்சினைக் குளிசையாகக் கொடுத்தலே அது. 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவரான ஜோர்ஜ் மரே, இச்சுரப்பி செயலிழந்த பெண்மணி ஒருவருக்குச் செம்மறியாட்டின் சுரப்பிச் சாற்றை ஊசிவழி ஏற்றினார். அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அன்று சாறு, இன்று ஆய்வுசாலையில் ஆக்கிய தூய தைரொக்சின். நாய்க்கு உடலெடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 0.02 மில்லிகிராம் எனக் கணித்துப் பெரும்பாலும் நாளுக்கு இருமுறை தொடங்குவர். எடைக்கேற்ப நோக்கின் இது மனிதர் பெறும் அளவிலும் பத்து மடங்குக்கு மேற்பட்டது. நாயின் குடல் இம்மருந்தைக் குறைவாகவே உறிஞ்சும்; உறிஞ்சியதும் மனிதரில் ஏறக்குறைய ஒரு வாரத்திற் பாதியாவது, நாயில் அரைநாளளவிற் பாதியாகிவிடும். வீட்டில் ஒருவர் உண்ணும் குளிசையை நாய்க்கும் பகிரலாம் என எண்ணுவோர் இவ்வேற்றுமையை உணர்க. அளவை வகுப்பது மிருக வைத்தியரின் கடமை.

மருந்து தொடங்கிய ஓரிரு கிழமைகளிற் சுறுசுறுப்பு மீளும். மயிர் வளரச் சில மாதங்கள் செல்லும். நான்கு முதல் எட்டுக் கிழமைக்குள், குளிசை கொடுத்து நான்கு முதல் ஆறு மணித்தியாலத்தின் பின் குருதியெடுத்து அளவு சரிபார்ப்பர். மருந்து வாழ்நாள் முழுவதும் வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் மீளும்.

பூனைக்கு வரும் மிகை

பூனைக்கு வரும் நோய் மருத்துவ உலகம் அண்மையில் அறிந்தது. 1979ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் மார்க் பீற்றர்சன் என்பாரும் அவர்தம் குழுவினரும் இதனை முதன்முதல் விவரித்தனர். அதற்குப்பின் இது மேலைநாடுகள் பலவற்றில் முதிய பூனைகளிடத்து மிகுதியாகக் காணப்படும் ஓமோன் நோயாயிற்று. பெரும்பாலும் 10 வயதைக் கடந்த பூனைகளுக்கே வரும். சுரப்பியின் ஒரு பாகத்தில், அல்லது அதனிலும் பெரும்பான்மையாக இரு பாகங்களிலும், தீங்கற்ற கட்டிகள் தோன்றிக் கபச்சுரப்பியின் சொற்கேளாது தாமே ஓமோனைச் சொரியும். புற்றுநோயாக இருப்பது நூற்றுக்கு இரண்டு மூன்றளவே. தகரத்தில் அடைத்த உணவு, உணவிலுள்ள அயடீனின் ஏற்றத்தாழ்வு, வீட்டுப் பொருள்களிற் சேர்க்கும் தீத்தடுப்பு இரசாயனங்கள் ஆகியவற்றின்மேல் ஆய்வாளர்க்கு ஐயமுண்டு. ஒன்றும் முடிவாக நிறுவப்படவில்லை.

நோயுற்ற பூனை முன்னையினும் மிகுதியாக உண்ணும், உண்டும் மெலியும். நான்கு கிலோகிராம் எடையுள்ள பூனை ஒரு கிலோகிராம் குறையின் அது தன் உடலில் நாலிலொரு பங்கை இழந்ததாகும். மனிதரெனின் ஊரெல்லாம் உசாவும். இரவிற் கத்தித் திரியும். மிகுதியாக நீர் அருந்தும். வாந்தியும் பேதியும் உண்டாகும். மயிர் சிக்குற்றுப் பொலிவிழக்கும். நெஞ்சு படபடவென அடிக்கும். உண்பதனால் நோயில்லை என வீட்டார் ஆறுதலடைவர்; மெலிவதனால் முதுமை என அமைவர்; ஓடித் திரிவதனால் இளமை மீண்டது என மகிழ்வாரும் உளர். இதற்கிடையில் இருதயம் தடித்துத் தளரும். குருதியமுக்கம் உயர்ந்து, விழித்திரை கழன்று, ஒரே நாளிற் கண்ணிழந்த பூனைகளும் உண்டு.

பூனைக்கு மருத்துவ வழிகள் நான்கு. முதலாவது, மெதிமசோல் அல்லது கார்பிமசோல் என்னும் மருந்தால் ஓமோன் ஆக்கத்தைத் தடுத்தல். இது நோயை அடக்குமேயன்றி அழிக்காது. வாந்தி, முகத்து அரிப்பு, அரிதாகக் குருதிக் கலக் குறைவு ஆகியன நேரக்கூடுமாதலின் சோதனைகள் வேண்டும். இரண்டாவது, சத்திரசிகிச்சையாற் கட்டியை அகற்றல். அப்போது அருகிலுள்ள அயற்கேடயச் சுரப்பிகள் பழுதுற்றாற் குருதியிற் கல்சியம் குறைந்து வலிப்பு வரும் என்பதால் கைத்திறன் மிக்கவரே செய்தல் வேண்டும். மூன்றாவது, கதிர்வீசும் அயடீனை ஊசியால் ஏற்றல். சுரப்பி அயடீனை நாடி ஈர்க்குமாதலின் அக்கதிர் மிகையாகத் தொழிற்படும் கலங்களையே பெரிதும் அழிக்கும். ஒருமுறை ஏற்றுவதாலேயே பெரும்பாலான பூனைகள் குணமடையும். ஆனால் கதிர் தணியும்வரை சில நாள் தனித்து வைக்கவேண்டும். இவ்வசதி எல்லா நாடுகளிலும் இல்லை. நான்காவது, அயடீன் மிகக் குறைந்த தனியுணவு. அப்பூனை பக்கத்து வீட்டு மீன்தலையையும் தொடலாகாது என்பதே இதிலுள்ள இடர்.

இன்னொன்றும் அறியவேண்டும். மிகையான ஓமோன் சிறுநீரகத்துக்குக் குருதியை விரைந்து செலுத்தி, அங்கே மறைந்துள்ள பழுதை வெளித்தெரியாது காக்கும். சுரப்பியை அடக்கியபின் அப்பழுது தலைகாட்டும். மருந்தே சிறுநீரகத்தைக் கெடுத்தது என வீட்டார் வைத்தியரை நோவர். மூடியிருந்தது திறந்ததேயன்றிப் புதிதாகக் கெட்டதன்று.

இவ்விரு நோயும் மாறிவருதலும் உண்டு, ஆனால் அரிது. பூனைக்குச் சுரப்பிக் குறைவு பெரும்பாலும் மிகைக்குச் செய்த சிகிச்சையின் விளைவாகவே வரும். நாய்க்கு மிகை வருமாயின் சுரப்பியிற் புற்றுநோய் உளதோ என ஆராய்வர். மற்றொரு காரணமும் உண்டு. இறைச்சிக் கடையிற் கழித்த தொண்டைப் பகுதியைத் தொடர்ந்து தின்னும் நாய், அதனோடு ஒட்டிய மாட்டின் கேடயச் சுரப்பியையும் தின்று இந்நோயைப் பெறுவதுண்டு. அவ்வுணவை நிறுத்த நோயும் நீங்கும்.

எண்ணும் கண்ணும்

குருதிச் சோதனை ஒன்றினால் எல்லாம் விளங்கிவிடும் எனக் கொள்ளலாகாது. முன்னர்க் கூறிய கிணற்றடியை மீண்டும் நினைக்க. பாத்தியிலே நீர் குறைந்தது. கட்டுபவன் உரத்துக் குரல் கொடுக்கின்றான். எனவே பழுது கிணற்றடியில். தைரொக்சின் குறைந்து, தூண்டும் ஓமோன் உயர்ந்திருக்கும் நாய்க்குப் பழுது கேடயச் சுரப்பியிலேயே என்பது இதனாற் பெறப்படும். தைரொக்சின் மட்டும் குறைந்திருப்பின் அது போதிய சான்றன்று. வேறு நோயால் வருந்தும் நாய்க்கும், வலிப்புக்கான பீனோபார்பிற்றோன், ஸ்ரீரொயிட் முதலிய மருந்துகளைப் பெறும் நாய்க்கும் தைரொக்சின் குறையும். கிரேகவுண்ட் முதலிய வேட்டை நாய்ச் சாதிகளுக்கு இயல்பாகவே அது குறைவு. மறுதலையாக, உண்மையில் இந்நோயுற்ற நாய்களுள்ளும் நாலிலொரு பங்களவில் தூண்டும் ஓமோன் உயராதிருத்தலும் உண்டு. நோய் தொடங்கும் நிலையிலுள்ள பூனைக்கும் தைரொக்சின் வழக்கமான எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும்.

ஆதலின் வைத்தியர் எண்ணை மட்டும் நோக்கார், பிராணியை நோக்குவர், அதனினும் மேலாக வீட்டாரை வினவுவர். எப்போது தொடங்கிற்று? எவ்வளவு உண்கின்றது? எங்கே படுக்கின்றது? இவற்றுக்கு விடை கூறத்தக்கவர் நாள்தோறும் அதனோடு வாழ்பவரே. வாய்பேசாப் பிராணிக்கு வீட்டார் கண்ணே வாய்.

எனவே வாசகர்க்கு, சிறப்பாக மாணவர்க்கு, யாம் கூறுவது இதுவாகும். மாதம் ஒருமுறை உங்கள் நாயையும் பூனையையும் நிறுத்துப் பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பின் நீங்கள் தனியே ஏறிக் கழித்தாற் போதும். எடையை ஓர் ஏட்டிற் குறித்து வையுங்கள். உணவு மாறாது எடை மாறின் காரணம் உண்டு என அறியுங்கள். பத்து வயதைக் கடந்த பூனை உண்டும் மெலியின் முதுமை என விடாது வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

வீமன் குளிசை பெறத் தொடங்கிய பத்தாம் நாள், படலையிற் சைக்கிள் மணி கேட்டு எழுந்து ஓடிற்று. நான்கு மாதத்தில் வால் மயிர் மூடிற்று. அதன்பின் ஆறாண்டு எம்மோடு வாழ்ந்தது. ஏசிய எட்டு மாதத்தை அது மறந்திருக்கும், யாம் மறந்திலேம்.

ஆசிரியத் தொழிலினர்க்கு இதில் இன்னுமொரு பாடம் உண்டு. நாயின் கழுத்தில் அவியும் அதே தீ குழந்தையின் கழுத்திலும் அவியக்கூடும். இச்சுரப்பி தொழிற்படாது பிறந்த குழந்தைக்கு, பிறந்த சில கிழமைக்குள் மருந்து தொடங்கின் பெரும்பாலும் ஏனையோர் போலவே வளர்ந்து கற்கும். தாமதித்தால் இழந்த அறிவு மீளாது. காரணம் அறியப்படாத காலத்தில் இத்தகையோர் எத்தனை பேர் மந்தர் என்றும் சோம்பேறிகள் என்றும் பெயர் பெற்று வகுப்பின் பின்வாங்கில் இருந்தனரோ! மந்தம் என்பது நோயின் பெயருமன்று, குணத்தின் பெயருமன்று. காரணம் அறியாதார் வைத்த பெயர். அப்பெயரை ஒரு மாணவன்மேல் ஏற்றுமுன், இக்கல்லூரியிற் கற்ற நாமும் கற்பிக்கும் நாமும் ஒருகணம் நின்று, ‘இவனுக்கு யாது நேர்ந்தது?’ என வினவப் பழகுவோமாக.